மண்ணில் கிடைக்கும் பழைய தோட்டாக் கூடு: எந்தத் துப்பாக்கி, எந்தக் காலம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கன்டோன்மென்ட் ஊர்களின் ஓரத்துக் கரட்டு நிலம், கைவிடப்பட்ட சுடுபயிற்சித் திடல், மலைத்தோட்டங்களின் பழைய வேட்டைப் பாதை. இந்த மாதிரி இடங்களில் நல்ல மழைக்குப் பிறகு மண் அரித்து, பச்சைக் களிம்பு பிடித்த பித்தளைக் குழாய் ஒன்று தலைகாட்டும். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனை திறந்திருக்கும். மறுமுனையில் தட்டையான அடி, அதன் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் மங்கிய எழுத்துகள். பார்த்தவர்கள் "வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டா" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது 1880-ல் செய்ததா, 1941-ல் செய்ததா, போன தலைமுறைப் போலீஸ் பயிற்சியில் சுட்டதா என்பதைப் பெரும்பாலும் கூட்டை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு சிறு காந்தம், ஒரு டார்ச் இருந்தால் போதும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள். அதன் முனையில் இருந்து பறந்து போவது குண்டு. மருந்தைத் தாங்கும் பித்தளைக் குழாய் கூடு. அடியின் நடுவில் இருக்கும் சிறு கிண்ணம் பிரைமர்; துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால்தான் மருந்து பற்றும். அடியைச் சுற்றி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது விளிம்பு. சுட்ட பிறகு கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி பிடிப்பது அந்த விளிம்பைத்தான்.

நாட்டுத் துப்பாக்கி இந்தக் கணக்கில் வராது. குழாய் வாயில் மருந்தும் ரவையும் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி அது. கூடு எதையும் விட்டுப் போகாது. 1857-க்கு முந்தைய சிப்பாய்களின் துப்பாக்கிகளும் அப்படித்தான். அவர்களுடைய தோட்டா காகிதப் பொட்டலம். ஆகவே பித்தளைக் கூடு கிடைத்தால் இந்தியாவைப் பொறுத்தவரை அது 1860-களின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

தொடும் முன் பார்க்க வேண்டியது

சுடாத தோட்டா நூறு வருடம் மண்ணில் கிடந்தாலும் செத்துப்போனது என்று நினைக்கக் கூடாது. கரும்புகை மருந்துக்குப் பிறகு வந்த, கார்டைட் என்ற புகை குறைந்த மருந்து ஈரத்தைத் தாங்கும். பிரைமர் எப்போது என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வாயில் குண்டு உட்கார்ந்திருந்தால் அது உயிருள்ள தோட்டா. பிரைமரில் குத்துப்பள்ளம் இருந்தாலும் குண்டு அப்படியே இருந்தால், சுட்டுப் பார்த்து வெடிக்காமல் போனது என்று பொருள். அது இன்னும் மோசம். குண்டு இல்லாமல், வாய் மட்டும் பூவிதழ் போல மடித்து மூடியிருந்தால் அது வெற்றுவேட்டுத் தோட்டா. "குண்டுதான் இல்லையே" என்று நினைத்துப் பலர் இதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். பிரைமரில் பள்ளம் இல்லாவிட்டால் உள்ளே மருந்து முழுசாக இருக்கும்.

இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் கை வைக்காமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, 112-க்குச் சொல்லிவிடுங்கள். இடுக்கியால் குண்டைப் பிடுங்குவது, அடுப்பில் காட்டி மருந்தை எரிப்பது, துளையிட்டுச் சாவிக்கொத்தில் மாட்டுவது எல்லாமே விரல் போகும் வேலைகள். கட்டைவிரலைவிடத் தடிமனான எதுவும் ரைஃபிள் தோட்டா அல்ல, பீரங்கிச் சரக்கு. அங்கிருந்து விலகிவிட வேண்டும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த நிலங்களில் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம். கூடு கிடக்கிற மண்ணில் கண்ணிவெடியும் கிடக்கலாம்.

திறந்த வாய், உள்ளே மண் மட்டும், பிரைமரில் தெளிவான பள்ளம். இது இருந்தால் மேலே போகலாம்.

அளவு: விளிம்பில் தொடங்குங்கள்

நான்கு அளவு தேவை. விளிம்பின் குறுக்களவு, விளிம்புக்குச் சற்று மேலே உடலின் குறுக்களவு, முழு நீளம், வாயின் உள்ளளவு. எல்லாம் மில்லிமீட்டரில், ஒரு தசமம் வரை. பிளாஸ்டிக் காலிப்பர் நல்லது. எஃகுத் தாடை பழைய பித்தளையைக் கீறிவிடும்.

இந்த நான்கில் அதிகம் நம்பக்கூடியது விளிம்பு. வாய் நசுங்கியிருக்கும், மேல்பகுதி கிழிந்திருக்கும், மாட்டின் குளம்பு மிதித்து நீளம் மாறியிருக்கும். அடிதான் கூட்டிலேயே தடித்த பகுதி. அது அவ்வளவு சுலபமாக உருமாறாது. சுட்ட கூட்டின் உடல் அளவு புத்தகத்தில் போட்டிருப்பதைவிடச் சற்று அதிகமாக வருவது சகஜம். .303 தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்ட் ராணுவ ரைஃபிள்களில் சேறு, மணல் புகுந்தாலும் தோட்டா சிக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காகக் துப்பாக்கிக் குழாயில் தோட்டா உட்காரும் அறையைத் தாராளமாகவே வெட்டியிருந்தார்கள். சுடும்போது கூடு அந்த அறை அளவுக்கு உப்பிவிடும். இதைத் தெரியாமல் உடலை மட்டும் அளந்துவிட்டு "இது எந்தப் பட்டியலிலும் இல்லாத அபூர்வத் தோட்டா" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு.

களிம்பு தடித்திருந்தால் விளிம்பை மூன்று திசையில் அளந்து, வந்ததில் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தலைமுறைக் கூடுகள்

பிரிட்டிஷ் இந்தியப் படைகள் அடுத்தடுத்துப் பயன்படுத்தியவை மூன்று: ஸ்னைடர், மார்டினி-ஹென்றி, நம் ஊர் வாயில் "த்ரீ நாட் த்ரீ" என்று புழங்கும் .303. முதல் இரண்டும் கரும்புகை மருந்துக் காலத்தவை, பெருத்த உருவம் கொண்டவை. .303 ஒல்லியானது.

ஸ்னைடர் 1866-ல் வந்தது. பழைய என்ஃபீல்ட் துப்பாக்கியின் பின்பக்கத்தை வெட்டித் திறந்து, கதவு போல ஒரு மூடியைப் பொருத்தியதுதான் அந்த ரைஃபிள். அதற்கான தோட்டாவை லண்டனின் வூல்விச்சில் அரசுக்குத் தோட்டா செய்த ராயல் லேபரட்டரியின் தலைவர் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்தார். இன்று நாம் பார்க்கும் ஒற்றைத் துண்டுப் பித்தளைக் குழாய் அல்ல அது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் குழாயாக்கி, கீழே தனியாக ஓர் அடித்தட்டை வைத்து இறுக்கியது. நேரான குழாய், கழுத்து இல்லை. நீளம் 51 மி.மீ. அளவில், விளிம்பு 19 மி.மீ. அளவில், வாய் 14.5 முதல் 15 மி.மீ. வரை இருக்கும்.

1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் மார்டினி-ஹென்றிக்கு மாறியது. விளிம்பு அதே 19 மி.மீ. தான். ஆனால் கூடு 59 முதல் 60 மி.மீ. நீளம், தோள் இறங்கி, கழுத்து ஒடுங்கி, வாய் 11.5 மி.மீ. பக்கம் வந்து நிற்கும். தோள் தெரிந்தால் மார்டினி, தோள் இல்லாமல் நேராக இருந்தால் ஸ்னைடர். முழுக் கூடு கிடைத்தால் இதில் குழப்பமே வராது.

முழுக் கூடு கிடைப்பதுதான் அரிது. சுருட்டிய தகடு காகித மொத்தம்தான் இருக்கும். மண்ணில் சில பத்தாண்டுகளில் பொடிந்து கிழிந்துவிடும். மிஞ்சுவது அடித்தட்டு. இங்கேதான் காந்தம் உதவும். அந்தத் தட்டு பெரும்பாலும் இரும்பு. துருப்பிடித்த ஐந்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றுச் சிறிதாக ஒரு வட்டு, நடுவில் பிரைமர் உட்காரும் பித்தளைக் கிண்ணம், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிழிந்த பித்தளைத் தகடு. இதைப் பார்த்தால் வாஷர் என்று தூக்கி எறிய வேண்டாம். காந்தம் ஒட்டுகிறது, நடுவில் பித்தளை இருக்கிறது என்றால் அது 1870-களையோ 1880-களையோ சேர்ந்த சுருள் தோட்டாவின் அடி. இதில் எழுத்து எதுவும் இருக்காது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடி மட்டும் கிடைத்தால் ஸ்னைடரா மார்டினியா? விளிம்பு ஒரே அளவு என்பதால் காலிப்பர் கைவிடும். பிரைமரில் விழுந்த பள்ளத்தைப் பார்க்கலாம். ஸ்னைடரில் சுத்தி வெளியே பக்கவாட்டில் இருக்கும். ஊசி சாய்வாக உள்ளே இறங்கிக் குத்தும். மார்டினியில் ஊசி குழாயின் நேர்க்கோட்டிலேயே நிற்கிறது. பள்ளம் ஒரு பக்கம் ஆழமாக, மறுபக்கம் ஆழம் குறைந்து இருந்தால் ஸ்னைடர் பக்கம் சாயலாம். துரு அதிகமாக இருந்தால் "இரண்டில் ஒன்று" என்று எழுதி வைப்பதுதான் நேர்மை.

கிழிந்த அடிக்குப் போர்க்களத்தில் வேறொரு கதையும் உண்டு. தொடர்ந்து சுட்டுத் துப்பாக்கிக் குழாய் சூடேறி, கரும்புகை மருந்தின் கசடு படிந்துவிட்டால் சுருள் கூடு அறையில் ஒட்டிக்கொள்ளும். இழுக்கும் கொக்கி அடித்தட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும்; கூட்டின் தகடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். 1884-85 சூடான் போரில் இது பெரிய புகாராக எழுந்தது. அதற்குப் பிறகுதான் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூடு மார்டினிக்கு வந்தது. தடித்த சுவர், காந்தம் ஒட்டாத அடி, மார்டினி வடிவம் என்றால் 1885-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ செய்தது.

.303 கதை 1888-ல் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளோடு தொடங்குகிறது. விளிம்பு 13.7 மி.மீ., உடல் அடியில் 11.6 மி.மீ. அளவில், நீளம் 56.4 மி.மீ., தோளும் கழுத்தும் உண்டு. வாயின் உள்ளளவு 7.9 மி.மீ. பக்கம் வரும். பெயரில் இருக்கும் .303 அங்குலம் 7.7 மி.மீ. ஆயிற்றே என்று தடுமாற வேண்டாம். பெயர் குழாயின் துளையைச் சொல்கிறது. குண்டு அதைவிடச் சற்றுப் பெரிது. துளைக்குள் வெட்டிய சுழல்வரிகளைக் கவ்விக்கொண்டு போக வேண்டுமே.

தமிழ்நாட்டில் மண்ணில் கிடைப்பவற்றில் .303 முன்னால் நிற்பதற்குக் காரணம் எளியது. இரண்டு உலகப் போர்கள், அதன் பிறகு ராணுவம், அதற்கும் பிறகு பல பத்தாண்டுகள் போலீஸ் என்று அதே தோட்டா ஓடியது.

அடி எழுத்தைப் படிப்பது

கூட்டை மேசையில் அடி மேலே வரும்படி நிறுத்துங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒளி அடியுங்கள். டார்ச்சை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் தெரியாத எழுத்து இன்னொரு கோணத்தில் நிழல் விட்டு எழும். நான்கு கோணத்தில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்து, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்தின் வடிவம் இறங்கும்.

எழுத்தில் முதலில் தேட வேண்டியது அம்புக்குறி. ஒரு நடுக்கோடும் இரண்டு சாய்கோடுமாக, காக்கைக் கால் தடம் போல இருக்கும். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான குறி அது. ஆர், எல் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில் அம்பு இருந்தால் வூல்விச் ராயல் லேபரட்டரி. கே, எஃப் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் புனே பக்கத்தில் உள்ள கிர்க்கி, இன்றைய கட்கி. அந்தத் தொழிற்சாலை 1869-ல் தொடங்கியது. நம் நாட்டு மண்ணில் கிடைக்கும் .303-ல் மிகுதியாகப் பார்ப்பது அதன் முத்திரையைத்தான்.

தொடக்கக்காரர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. 'கே' மட்டும் தனியாக இருந்தால் அது கிர்க்கி அல்ல, பர்மிங்காமில் இருந்த கைனாக் என்ற தனியார் நிறுவனம். எஃப் எழுத்து களிம்பில் மறைந்திருந்தால் கிர்க்கியைக் கைனாக் என்று படித்துவிடுவோம். அம்பு இருக்கிறதா, அதற்கு மறுபக்கம் தேய்ந்த ஓர் எழுத்துக்கான இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எம், எஃப் என்று இருந்தால் ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்க்ரே. ஆர், ஜி என்றால் இங்கிலாந்தின் ராட்வே கிரீன். டி, ஏ, சி என்றால் கனடாவின் டொமினியன் ஆர்சனல். இரண்டாம் உலகப் போரில் கப்பல் கப்பலாகச் சரக்கு வந்ததால் இவை இந்தியாவில் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்தது ஆண்டு. பிரிட்டிஷ் ராணுவ .303-ல் 1907 முதல் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்தார்கள். இரண்டு இலக்கம் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. அதற்கு முந்தையவற்றில் ஆண்டு இருக்காது. ரகத்தின் எண் ரோமன் இலக்கத்தில் இருக்கும், கூடவே 'சி' என்ற எழுத்து இருந்தால் உள்ளே இருந்தது கார்டைட் மருந்து. .303 முதலில் கரும்புகை மருந்தோடுதான் வந்தது. கார்டைட் 1891-ல் சேர்ந்தது. ஆகவே ஆண்டு இல்லை, 'சி' இருக்கிறது என்றால் 1891-க்கும் 1907-க்கும் இடைப்பட்ட கூடு. சேகரிப்பவர்கள் தேடி அலைவது இவற்றைத்தான்.

ரோமன் ஏழு என்பது 1910-ல் வந்த ஏழாம் ரகம்: 174 கிரெயின், அதாவது 11.3 கிராம் எடையுள்ள கூர்முனைக் குண்டு. அதற்கு முந்தைய ஆறாம் ரகம் 215 கிரெயின் மழுங்கு முனைக் குண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் ரோமன் எண்ணை விட்டுவிட்டுச் சாதாரண 7 போடத் தொடங்கினார்கள். எண்ணோடு இசட் எழுத்து சேர்ந்திருந்தால் கார்டைட்டுக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. எண்ணுக்கு முன் ஜி வந்தால் ஒளிகாட்டிச் செல்லும் டிரேசர், டபிள்யூ வந்தால் கவசம் துளைப்பது, பி வந்தால் தீமூட்டி, எல் வந்தால் வெற்றுவேட்டு.

பிரைமரைச் சுற்றியுள்ள இடுக்கில் ஈரம் புகாமல் இருக்க அரக்குப் பூச்சு பூசுவார்கள். அதன் நிறமும் பேசும். ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு டிரேசர், பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீமூட்டி. மண்ணில் கிடந்த கூட்டில் பச்சையை நம்ப வேண்டாம். களிம்பும் பச்சைதான்.

கூட்டின் வாய் வழியாக டார்ச் அடித்து அடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் முறைப் பிரைமர், நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் முறை. பிரிட்டிஷ், இந்திய ராணுவ .303 பெர்டான். அமெரிக்கத் தயாரிப்பு பாக்ஸர். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஒருவர் நாட்டு முறையை இன்னொருவர் நாடு எடுத்துக்கொண்டது.

ஒரு கூட்டை முழுதாகப் படித்துப் பார்ப்போம். விளிம்பு 13.6 மி.மீ., களிம்பை நீக்கினால் இன்னும் துளி குறையும். நீளம் 56 மி.மீ., வாய் கொஞ்சம் நசுங்கல். தோள் உண்டு. அடியில் மேலே கே, அம்பு, எஃப், கீழே 41, பக்கத்தில் ரோமன் ஏழு. பிரைமரில் நடுவில் வட்டப் பள்ளம், ஓரத்தில் கடுகளவு ஊதா. உள்ளே இரண்டு துளை. இது கிர்க்கியில் 1941-ல் செய்த .303 ஏழாம் ரகச் சாதாரணக் குண்டுத் தோட்டாவின் கூடு. இவ்வளவும் உறுதி. எப்போது சுட்டார்கள்? 1941-க்கு முன்னால் இல்லை என்பது மட்டும் உறுதி. கிடங்கில் இருபது வருடம் இருந்து 1960-களில் போலீஸ்காரர் ஒருவர் சுட்டதாகவும் இருக்கலாம். கூட்டில் உள்ள ஆண்டு அது பிறந்த ஆண்டு. சுட்ட நாள் அதில் எழுதியிருக்காது. "போர்க்காலத் தோட்டா" என்று விற்கிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்ல மாட்டார்கள்.

காலம் கணிப்பதில் இந்தியாவுக்கே உரிய சிக்கல்

1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தார்கள். புதிய ரைஃபிள் முதலில் வெள்ளைக்காரப் படைக்கு. இந்தியச் சிப்பாய்க்கு ஒரு தலைமுறை பழையது. 1878-80 ஆப்கான் போரில் பிரிட்டிஷ் வீரர் கையில் மார்டினி, பக்கத்தில் நின்ற சிப்பாய் கையில் ஸ்னைடர். 1897-ல் வடமேற்கு எல்லையில் நடந்த திரா படையெடுப்பில் பிரிட்டிஷ் வீரரிடம் லீ-மெட்ஃபோர்ட், சிப்பாயிடம் மார்டினி. அதனால் ஒரே இடத்தில், ஒரே நாளில் சுட்ட இரண்டு தலைமுறைக் கூடுகள் அருகருகே கிடக்கலாம். இங்கிலாந்துப் பட்டியலை வைத்து "ஸ்னைடர் 1871-ல் முடிந்துவிட்டது" என்று இங்கே ஆண்டு குறித்தால் தவறிப்போகும்.

ஒரு சின்ன விஷயம். பழைய .303 எதைக் கண்டாலும் "தம்தம் தோட்டா" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. கல்கத்தா அருகே உள்ள தம்தம் தொழிற்சாலையில் 1890-களில் உருவான, உடலில் பட்டதும் விரியும் குண்டுக்குத்தான் அந்தப் பெயர். விரிவது குண்டு, கூடு அல்ல. வெறும் கூட்டை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

ஏமாற்றும் உருவங்கள்

.303 நீளம் இருக்கிறது, கிர்க்கி முத்திரை இருக்கிறது, விளிம்பும் அதே அளவு. ஆனால் தோளும் இல்லை, கழுத்தும் இல்லை, நேராக நிற்கிறது. இது பழுதான கூடு அல்ல. பழைய .303 ரைஃபிள்களின் குழாயை .410 அளவுக்குக் கடைந்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் மஸ்கெட்டாக மாற்றிக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்காகக் கழுத்து ஒடுக்காமலேயே விட்ட .303 கூடுதான் இது.

விளிம்பு உடலைவிட வெளியே நீட்டாமல், உடல் அளவிலேயே இருந்து, அதற்கு மேலே ஒரு பள்ளம் வெட்டியிருந்தால் பழங்காலப் பேச்சே வேண்டாம். விளிம்பு 12 மி.மீ., நீளம் 51 மி.மீ. என்றால் அது 1960-களில் இந்தியாவுக்கு வந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் 7.62. நீளம் 45 மி.மீ., விளிம்பு 9.6 மி.மீ. என்றால் அதற்குப் பிறகு வந்த இன்சாஸ் ரைஃபிளுடையது. சுண்டுவிரல் நுனி அளவு, அடியின் நடுவில் பிரைமரே இல்லை, விளிம்பின் ஓரத்தில் மட்டும் ஒரு நசுங்கல் இருந்தால் .22, என்.சி.சி. பயிற்சி நடந்த இடமாக இருக்கும்.

22 மி.மீ. அளவுக்கு மேல் விளிம்பு, உயரம் மட்டும் கட்டையான பித்தளைக் கிண்ணம் என்றால் '12 போர்' (12 bore) என்ற குழாய் அளவுள்ள வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா. அதன் மேல்பகுதி அட்டைக் குழாய். மக்கிப்போய் அடி மட்டும் மிஞ்சியிருக்கும். எலி-கைனாக் (Eley-Kynoch) என்ற தயாரிப்பாளர் பெயரோடு ஐ.சி.ஐ. என்ற எழுத்தும் இருந்தால் 1926-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது, ஐ.சி.ஐ. நிறுவனம் பிறந்ததே அந்த ஆண்டில்தான்.

நீலகிரி, ஆனைமலைப் பக்கத்துத் தோட்டங்களில் யானை, காட்டெருமை வேட்டைக்கான பெரிய கூடுகளும் கிடைக்க வாய்ப்புண்டு. .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் கூடு 82 மி.மீ. நீளம், நேராகச் சரிந்து ஏறும். கலகக்காரர்கள் கையில் இருந்த மார்டினி ரைஃபிள்களுக்கு அந்தக் குண்டு உதவிவிடும் என்று பயந்து 1907-ஐ ஒட்டி அரசு .450 அளவுக்கு இந்தியாவில் தடை போட்டது. துப்பாக்கி செய்கிறவர்கள் உடனே .465, .470 என்று சற்றே தள்ளிப் புதிய அளவுகளைக் கொண்டுவந்தார்கள். வேட்டைக் கூட்டின் அடியில் .470 என்று இருந்தால், அந்தத் தடைக்குப் பிந்திய காலம் என்று கைக்கொள்ளலாம்.

கழுவுவது, வைத்திருப்பது

வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை இங்கே காட்டக் கூடாது. புளியும் எலுமிச்சையும் களிம்பை மட்டும் எடுப்பதில்லை. பித்தளையில் உள்ள துத்தநாகத்தையும் கரைத்து எடுத்துவிடும். கூடு செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், எழுத்தின் ஓரங்கள் மழுங்கும். அதற்குப் பிறகு எந்த டார்ச்சும் உதவாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பல்துலக்கும் பிரஷால் மண்ணை மட்டும் எடுங்கள். எழுத்துக்குள் இருப்பதைக் குச்சியின் நுனியால் நெம்பலாம், ஊசி வேண்டாம். சுருள் தகடு உள்ள அடியைத் தண்ணீரிலேயே போடக் கூடாது. காய்ந்த பிரஷ் போதும். பூ போன்ற வெளிர்பச்சைத் தூள் மறுபடி மறுபடி வந்தால் அது உப்பு உள்ளே புகுந்த அரிப்பு. அந்தக் கூட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கழுத்தில் நெடுக்காக ஓடும் வெடிப்பைப் பார்த்துச் "சுடும்போது பிளந்தது" என்று எழுதிவிடுவார்கள். சில அப்படித்தான். ஆனால் சுடாமலேயே வெடிப்பதும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மழைக்காலம் முடியும் வரை குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் தானாகவே கழுத்தில் வெடித்ததைக் கண்டு பிரிட்டிஷ் இந்திய ராணுவம் குழம்பியது. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும் ஈரமும், குளிர்நிலையில் இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்து வெடிக்க வைத்தன என்பது 1921-ல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. செய்து முடித்த கூட்டை மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது தீர்வாயிற்று. வெடிப்பின் ஓரம் சுத்தமாக, கோடு கிழித்தது போல, புகைக்கறை இல்லாமல் இருந்தால் இந்த ரகமாக இருக்கும். சுடும்போது பிளந்திருந்தால் வெடிப்பு வழியாகப் புகை கசிந்த கருமை வெளிப்பக்கம் தங்கியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு கூட்டையும் தனிக் காகித உறையில் போட்டு, கிடைத்த இடம், ஆழம், தேதி, பக்கத்தில் வேறென்ன இருந்தது என்பதை எழுதி வையுங்கள். பத்துக் கூடுகள் ஒரே வரிசையில் கிடந்தால் அது சுட்ட கோடு. நூறு, இருநூறு, முந்நூறு கஜம் தள்ளி ஒரு மண்மேடு இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள், குண்டுகள் அங்கே புதைந்திருக்கும். பயிற்சித் திடலில் காலிக் கூடுகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ராணுவத்திலும் போலீஸிலும் பழைய விதி. அதனால் நமக்குக் கிடைப்பது பொறுக்கும்போது புல்லுக்குள் தப்பியவை மட்டும். எண்ணிக்கையை வைத்து எவ்வளவு சுட்டார்கள் என்று கணக்குப் போட முடியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் வரையறையில் தோட்டாவின் பாகங்களும் அடங்கும். ஆகவே கிடைத்ததைப் பெட்டியில் சேர்த்துக்கொண்டே போகாமல், காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. 1878 புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும்; அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோட்டை, களம் எதிலும் ஒரு குச்சியால்கூடக் கிளறக் கூடாது. இயங்கிக்கொண்டிருக்கும் ராணுவச் சுடுதிடலுக்குள் நுழைவதே குற்றம், சிவப்புக் கொடி பறந்தாலும் பறக்காவிட்டாலும்.